பிள்ளையோடு தாயையும் அனுப்புங்கள்

எங்கள் ஊர்க் காமாட்சிக்குக் கதவு திறப்பதில்லை. தேவதானப்பட்டிக்கு வெளியே மஞ்சளாற்றங்கரையில் இருக்கிற மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கருவறைக் கதவு சாத்தியே இருக்கும். பூசையும் தீபாராதனையும் அந்தச் சாத்திய கதவுக்குத்தான். மாசியில் மகா சிவராத்திரிக்கு எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும் அப்படித்தான். உள்ளே அவள் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் கதவைப் பார்த்துக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இன்னொரு சாத்திய கதவின் முன்னால் நின்றேன். என் மகளுக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. 32 வாரம், 1,420 கிராம். குறைமாதப் பிள்ளையை வைத்துப் பார்க்க அந்த மருத்துவமனையில் வசதி இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆம்புலன்சில் ஏற்றி வேறொரு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை கூடவே போனார். மகள் தையல் போட்ட வயிற்றோடு இங்கே கிடந்தாள். பிள்ளையின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. போனில் சொந்தக்காரர்கள் விசாரித்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: “பொட்டியில வச்சிருக்காங்க.”

எங்கள் பக்கம் இந்தச் சொல்லைக் கேட்காத வீடு கிடையாது. பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றால், காரியம் இனி டாக்டர் கையில், நாம் வெளியே காத்திருக்க வேண்டியதுதான் என்று அர்த்தம். அப்படித்தான் நானும் நினைத்தேன். அது தவறு என்று புரிய எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. அந்தப் பதினைந்து நாளில் என் பேத்தி இழந்தது கொஞ்சமல்ல.

2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தால் எடை குறைந்த பிள்ளை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1,500-க்குக் கீழே போனால் மிகவும் குறைந்த எடை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, எடை பதிவான குழந்தைகளில் நூற்றுக்குப் பதினெட்டு பேர் இந்தியாவில் 2,500-ஐத் தொடாமலே பிறக்கிறார்கள். இவர்களில் இரண்டு வகை உண்டு. நாள் நிறையும் முன்பே வந்துவிட்டவர்கள் ஒரு வகை. பத்து மாதமும் இருந்து, வயிற்றுக்குள்ளேயே சத்து கிடைக்காமல் மெலிந்து பிறந்தவர்கள் இன்னொரு வகை. நம் நாட்டில் இரண்டாம் வகையும் ஏராளம். இரண்டுக்கும் பார்க்கிற வைத்தியம் வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தராசு.

அந்தத் தராசைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தினமும் காலையில், பால் கொடுப்பதற்கு முன்னால், உடம்பில் துணி இல்லாமல், அதே தராசில் எடை போடுவார்கள். தட்டில் துண்டை விரித்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு பிள்ளையை வைப்பார்கள். பேத்தி கையை விரித்து ஒரு தரம் துள்ளுவாள். சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் ஆடி அடங்கும். முதல் நாள் 1,420. ஐந்தாம் நாள் 1,300. எனக்கு வயிற்றைக் கலக்கியது. குறைமாதப் பிள்ளைகள் முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேலும்கூட இறங்குவது இயல்பு என்றார்கள். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடையை மறுபடி தொட்டுவிட வேண்டும். அதன்பின் ஒரு கிலோ எடைக்கு நாளுக்குப் பதினைந்து கிராம் வீதம் ஏற வேண்டும். வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வளர்ந்திருக்கும். என் பேத்தியின் கணக்கில் அது நாளுக்கு இருபது கிராம் சொச்சம். நாலு டீஸ்பூன் சர்க்கரையின் எடை. அந்த நாலு டீஸ்பூனுக்காகத்தான் இவ்வளவு பேரும், இவ்வளவு எந்திரமும்.

எடை மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தலையின் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை கூடவேண்டும். 34-ஆம் வாரத்தில் பிள்ளையின் மூளை, நிறைமாத மூளையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. மீதி ஒரு பங்கு வயிற்றுக்குள் வளர்ந்திருக்க வேண்டியது, இப்போது வெளியே, ஒரு வார்டில், குழாய் வழியே போகிற பாலைக் கொண்டு வளர்கிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியும், ரத்தத்துக்கான இரும்பின் சேமிப்பும் கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். முன்கூட்டியே வந்த பிள்ளை அந்தச் சீர்வரிசை எதையும் வாங்காமல் புறப்பட்டு வந்தது. அதனால்தான் வைட்டமின் டி சொட்டும், சில வாரம் கழித்து இரும்புச் சொட்டும், மிகச் சிறிய பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலைச் செறிவாக்கும் பொடியும் கொடுக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை தாய்ப்பால். அதிலும் அந்தத் தாயின் பால். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில், முதல் சில வாரங்களுக்குப் புரதமும் நோய் எதிர்ப்புச் சத்தும் நிறைமாதத் தாயின் பாலைவிட அதிகம். எந்தப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மாவுப் பால் புகட்டிய குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோய் வருகிற ஆபத்து கூடுதல். இதெல்லாம் எந்தக் குழந்தை மருத்துவருக்கும் புதிதல்ல.

ஆனால் என் மகள் ஓர் ஊரிலும் பிள்ளை வேறோர் ஊரிலும் இருந்தார்கள்.

பால் சுரப்பது பிள்ளை சப்புவதால். சப்பப் பிள்ளை இல்லாவிட்டால் கையால் பீய்ச்சி எடுக்க வேண்டும். பிறந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, ராத்திரியும் விடாமல், நாளுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல். இதை எங்களுக்கு யாரும் முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு வயதான நர்ஸம்மா வந்து, “ஏத்தா, பால் கட்டிக்கிட்டா வலிக்கும், வத்திப் போனா பிள்ளைக்கு என்ன குடுப்ப?” என்று கேட்டு, மகளின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே. முதலில் உள்நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். தோலைத் தேய்க்கக் கூடாது. கொதிக்க வைத்து ஆற்றிய சின்ன எவர்சில்வர் டம்ளரின் அடியில், கால் மணி நேரப் பாட்டுக்குப் பிறகு, மஞ்சளாய் நாலு மில்லி சீம்பால் சேர்ந்தது. விலை மதிக்க முடியாத நாலு மில்லி. 1,400 கிராம் பிள்ளைக்கு அப்போது இரண்டு மணிக்கு ஒரு முறை மூன்று மில்லிதான் பால், மற்றது எல்லாம் நரம்பு வழியே ஏற்றுகிற திரவம். ஆக அந்த நாலு மில்லி, ஒரு வேளைக்கு மேலேயே போதுமானது.

என் தம்பி அதை மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து, பைக்கில் கொண்டு போனான். போய்ச் சேர்ந்தபோது வாங்கிக்கொள்கிற நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் பால் பவுடர் தொடங்கிவிட்டார்கள். கேட்டதற்கு, “அம்மா பால் வரலையே” என்றார்கள். பால் வந்தது. கதவுவரைக்கும் வந்தது.

அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. இரவு இரண்டு மணிக்குக் கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, என் பேத்தியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை எண்ணிய பெண் டாக்டரை நான் மறக்க மாட்டேன். குறை அவர்களிடம் இல்லை. தாய் என்பவள் பார்வையாளர் நேரத்தில் வந்து போகிறவள் என்ற எண்ணத்தின் மேல் கட்டிய கட்டடத்தில் அவர்கள் வேலை பார்க்கிறார்கள். குறை அந்தக் கட்டடத்தில்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாரிஸில் குறைமாதப் பிள்ளைகளுக்காக உழைத்த பியர் புதேன் என்ற மகப்பேறு மருத்துவர், தாயைப் பிரித்து வைத்தால் அவள் மனமும் பிள்ளையை விட்டு விலகிப்போகும் என்று அப்போதே எச்சரித்தார். தாய் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும், தாய்ப்பாலே தர வேண்டும் என்றும் வற்புறுத்தினார். பிறகு கண்ணாடிப் பெட்டி மட்டும் உலகம் சுற்றப் புறப்பட்டது. 1903 முதல் 1943 வரை நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில், மார்ட்டின் கூனி என்பவர் பெட்டியில் வைத்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிக் காட்டினார். அந்தக் காசில்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார், நிறையப் பேரைக் காப்பாற்றினார். ஆனால் தாய் மட்டும் மெல்ல மெல்லக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவள் ஆகிப்போனாள்.

அவளை மறுபடி உள்ளே கொண்டுவந்தது ஏழ்மைதான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்துத் தாய்-சேய் மருத்துவமனையில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள். தொற்று பரவிச் சாவு கூடியது. எட்கார் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர், பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில், இரண்டு முலைகளுக்கு நடுவே, நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். அதுதான் இன்று நம் அரசு மருத்துவமனைச் சுவர்களில் படம் போட்டு ஒட்டியிருக்கிற கங்காரு தாய் பராமரிப்பு.

வெகுகாலம் இது பெட்டி இல்லாத ஏழை நாட்டுக்கான மாற்று என்றும், பிள்ளை உடல்நிலை தேறிய பிறகு செய்கிற காரியம் என்றும்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பை உடைத்த ஆய்வு 2021-இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தியது. இந்தியாவில் அது நடந்தது டெல்லி சஃப்தர்ஜங் அரசு மருத்துவமனையில். ஒரு கிலோவுக்கும் 1,800 கிராமுக்கும் இடைப்பட்ட 3,211 பிள்ளைகள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கப்படி, உடல்நிலை தேறிய பிறகு தாயின் மார்பு. மறு பாதிப் பேருக்குப் பிறந்த உடனே, தீவிர சிகிச்சை நடக்கும்போதே. தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட்டார்கள். வழக்கமான முறையில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 பேர் இறந்தார்கள். உடனே மார்பில் வைத்தவர்களில் 12 பேர். சாவில் நான்கில் ஒன்று குறைந்தது. நன்மை அவ்வளவு தெளிவாக இருந்ததால், மற்ற பிள்ளைகளுக்கு அதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலையும் மாற்றியது. பிறந்த உடனே தொடங்க வேண்டும், நாளுக்கு எட்டு மணி நேரத்திலிருந்து முடிந்தால் இருபத்து நான்கு மணி நேரம்வரை.

எடைக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைப் போலக் கேட்கிறவர்கள் இருப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லை. குளிர்ந்துபோனால், குடித்த பாலை எல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவழித்துவிடும், வளர மிச்சம் இருக்காது. அம்மாவின் தோல், பிள்ளை குளிர்ந்தால் சூடேறும் அடுப்பு மாதிரி. அது மட்டுமல்ல, பிள்ளை மார்பில் கிடந்தால் பால் சுரக்கும், மூச்சு சீராகும், தாயின் உடம்பில் உள்ள நல்ல கிருமிகள் பிள்ளைக்கு வந்து சேரும். ஆறாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடி வழியாக அரை மணி நேரம் பார்க்க விட்டார்கள். பத்து நாள் அப்படியே போயிற்று. பிறகுதான் நான் சொன்ன அந்த இரவு டாக்டர் ஒரு நாள், “பெட்டி சூடு குடுக்கும்மா. எடை குடுக்காது. நீங்க உள்ள வாங்க” என்று கூப்பிட்டார். முன்பக்கம் திறக்கிற நைட்டியோடு மகள் சாய்வு நாற்காலியில் உட்கார, குழாயோடும் ஒயரோடும் பிள்ளையைத் தூக்கி மார்பில் வைத்தார்கள். முருங்கைக்காய் மாதிரி இருந்த கால் இரண்டையும் தவளைபோல மடக்கி வைத்து, துணியால் கட்டினார்கள். மகள் அழவில்லை. பிள்ளையின் உச்சந்தலையை மோந்து பார்த்தாள். மறுநாள் அவளுக்குக் கிடைத்த பால் முந்தைய நாளைப் போல இரண்டு பங்கு.

அதுவரை பிறந்த எடைக்கே திரும்பாமல் நின்ற பேத்தி அதற்குப் பிறகு ஏறத் தொடங்கினாள். நாளுக்குப் பதினெட்டு, இருபத்து இரண்டு, ஒரு நாள் முப்பது. மகள் சாப்பிடவும் தூங்கவும் போகும்போது என்னையும் உள்ளே விட்டார்கள். இடுப்பில் தூக்கி வளர்த்த கை இது, நெஞ்சில் கட்டி வளர்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு தடவை மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு உட்கார்ந்தார். அப்பாவின் மார்பும் அதே சூடுதான் தரும்.

34 வாரம் ஆகும் முன் பிள்ளைக்குச் சப்பவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒத்து வராது. அதுவரை வாய் வழிக் குழாய். அதற்குப் பிறகு, முழுதாக மார்பில் குடிக்கிறவரை, பாலாடை. சில வீடுகளில் சங்கு என்பார்கள். எங்கள் வீட்டில் என் அம்மா எனக்குப் புகட்டிய பித்தளைப் பாலாடை இன்னும் இருக்கிறது. அந்த வார்டில் கொடுத்தது எவர்சில்வர். டாக்டர் படித்துக்கொண்டிருந்த ஆங்கில வழிகாட்டியில் ‘பாலாடை’ என்ற நம் சொல்லே ஆங்கில எழுத்தில் அப்படியே அச்சாகியிருந்ததைக் காட்டினார். குறைமாதப் பிள்ளைக்குப் பாட்டிலும் ரப்பரும் வேண்டாம், பாலாடை போதும் என்று இந்திய அரசின் பயிற்சிக் கையேடுகள் சொல்கின்றன. நம் கிழவிகள் கையாண்ட ஒரு சிறு கிண்ணம், இன்று நாடு முழுவதும் சிறப்புப் பிரிவுகளில் உயிர் காக்கிறது. புகட்டுகிற முறைதான் முக்கியம். பிள்ளையைப் படுக்க வைத்து ஊற்றக் கூடாது. சாய்த்து உட்கார வைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, பால் உதட்டைத் தொடும்வரை சாய்த்து, நிறுத்திவிட வேண்டும். பிள்ளை தானே நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். விழுங்கி முடித்த பிறகு அடுத்த சொட்டு. பதினேழு மில்லிக்கு எனக்கு இருபது நிமிடம் ஆனது.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில், ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. பிரசவத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. இவ்வளவு தூரம் வந்த மாநிலத்தில், 2019–21 ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைக்கிற பிள்ளைகள் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஆபரேஷன் பிரசவம் 45 விழுக்காடு. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாத் தாய்மாரையும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டோம். கொண்டுவந்த இடத்தில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைக்கத் தவறுகிறோம்.

எங்கள் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், தேவதானப்பட்டியிலிருந்து பெரியகுளம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து தேனி தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். 108-க்குக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு ஏழு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி தொடங்கியபோது, மதுரை, திருச்சி, கோவையோடு தேனியும் அந்தப் பட்டியலில் இருந்தது. இந்த வட்டாரத்து மனிதர்கள் பெருமைப்பட வேண்டிய சேதி இது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. அதிலிருந்து எங்கள் பள்ளத்தாக்குக்கு வர இருபத்தாறு வருடம். தானம் செய்கிறவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். தாயின் பால் கிடைக்காத சிறு பிள்ளைக்கு மாவுப் பாலைவிட இதுவே மேல். “வேற சாதிப் பொம்பள பால எப்படிக் குடுக்குறது?” என்று கேட்கிற வாயை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். பிள்ளையின் குடல் சாதி கேட்பதில்லை.

ஆனால் வங்கிப் பால் தாய்க்கு மாற்று ஆகாது. ஆகவேதான் அரசிடம் என் கோரிக்கையை ஒரே வரியில் வைக்கிறேன். எடை குறைந்த பிள்ளையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பும்போது, தாயையும் அதே வண்டியில், முடியாவிட்டால் அன்றைக்கே அடுத்த வண்டியில், அனுப்ப வேண்டும். அவள் ஆபரேஷன் ஆனவளாக இருந்தால், சேர்கிற மருத்துவமனையில் அவளுக்கும் கட்டில், அவளுக்கும் மருத்துவர். இது கருணையால் செய்கிற ஏற்பாடு ஆகக் கூடாது, பிள்ளையின் சிகிச்சைச் சீட்டிலேயே எழுத வேண்டிய மருந்து. தாயையும் சேயையும் சேர்த்து வைக்கிற பிரிவுகளுக்கு மத்திய அரசே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. புதிய கட்டடம் கட்டுகிற இடத்தில் அப்படிக் கட்டலாம். பழைய கட்டடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட எவ்வளவு ஆகும்? தாய்க்கு மூன்று வேளைச் சாப்பாடு, பால் எடுக்க ஒரு மறைவான மூலை, குளிக்க வெந்நீர், துணை இருக்கிற அம்மாச்சிக்கோ அப்பத்தாவுக்கோ படுக்க ஒரு பாய். இவை இல்லாமல் தாய் இருபத்தைந்து நாள் மருத்துவமனையில் இருக்க மாட்டாள். நான் பார்த்த வார்டில் பல தாய்மார் வராந்தாவில் படுத்தார்கள், ரெண்டு இட்லியோடு காலையை ஓட்டினார்கள். பால் எப்படிச் சுரக்கும்?

கூலியையும் பேச வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கிற பெண்ணுக்கு 2021-லிருந்து பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு, நல்ல காரியம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவளுக்கும், விடியற்காலை ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவளுக்கும் இருப்பது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி. அதையும் தவணையாகத் தருகிறார்கள். நிறைமாதப் பிள்ளை பெற்றவளுக்கும், பிள்ளையை மாதக்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருக்கிறவளுக்கும் அதே தொகை. எடை குறைந்த பிள்ளையோடு மருத்துவமனையில் தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் தாய்க்கு ஒரு நாள் கூலியாவது கொடுத்தால், “வேலைக்குப் போகணும், புள்ளையக் குடுத்துருங்க” என்று கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே கூட்டிப் போகிறவர்கள் குறைவார்கள்.

இந்தப் பிள்ளைகள் எடை குறைந்து பிறப்பதற்கான காரணமும் அந்தத் தோட்டங்களில்தான் பாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஒன்பதாம் மாதம்வரை குனிந்து வேலை. சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகும் என்ற பயம். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகி ஆபரேஷன் ஆகும் என்று வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடுகிற பழக்கம். இது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன? பேத்தி முப்பத்து மூன்றாம் நாள் 1,800 கிராமைத் தாண்டி, மார்பிலேயே குடிக்கப் பழகி, வீட்டுக்கு வந்தாள். வரும் முன்பே கண் பரிசோதனை முடித்தார்கள். 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்பாகவோ பிறந்த பிள்ளைகளுக்கு முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், தவறினால் பார்வையே போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சேனை வைக்கத் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் தயாராக இருந்தது. கழுதைப் பால் வாங்கித் தரட்டுமா என்று ஒருவர் கேட்டார். வசம்பு உரசிக் கொடுக்க ஒரு பெரியம்மா வந்தார். நான் வாசலிலேயே நின்று எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு, “ஆறு மாசம் தாய்ப்பாலும் டாக்டர் குடுத்த சொட்டும் தவிர ஒண்ணும் வேணாம் தாயி” என்றேன். சிலருக்கு மனத்தாங்கல்தான். பிள்ளை அதைவிட முக்கியம்.

கிராம சுகாதார செவிலியர் வந்து, தொங்குகிற தராசில் துணித் தொட்டிலைக் கட்டி, எடை பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவார். நாற்பத்திரண்டு நாளுக்குள் ஆறு முறை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த நோட்டை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1911-லிருந்து இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்ற தலைமைச் சுகாதாரப் பணியாளர், தன் கீழிருந்த மருத்துவச்சிகளைக் கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த எடையையும், ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுதி வைத்தார். எழுபது வருடம் கழித்து அதைத் தேடிப்பிடித்த டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர், எடை குறைந்து பிறந்தவர்களே பின்னாளில் இதய நோயால் அதிகம் இறந்தார்கள் என்று கண்டார். நம் பக்கத்திலேயே, மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் இருந்த பிரசவப் பதிவேடுகளும் அதையே சொல்லின. இன்று செவிலியர் எழுதுகிற ஒரு எண், ஐம்பது வருடம் கழித்து ஒரு மனிதனின் நெஞ்சுவலியைப் பற்றிப் பேசுகிறது. அப்படி எழுதுகிறவருக்குச் சரியான தராசு ஒன்று கொடுங்கள். முள் அசையாத தராசில் பத்துக் கிராம் ஏற்றத்தை யார் பார்க்க முடியும்?

என் பேத்திக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது. சிவராத்திரிக்குக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கதவுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, “அம்மாச்சி, சாமி உள்ளதான இருக்கு? ஏன் தொறக்க மாட்டேங்கிறாங்க?” என்று கேட்டாள். அது இந்தக் கோயிலின் வழக்கம் என்று சொன்னேன்.

போன வாரம் எங்கள் தெருக்கோடி வீட்டுக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. இரட்டையில் இளையது, 1,900 கிராம். பாலாடை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பித்தளை வேண்டாமென்று பேத்திக்கு வாங்கிய எவர்சில்வரை எடுத்து, இருபது நிமிடம் கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டு போனேன். புகட்டுகிற விதத்தைக் காட்டிவிட்டு, தாயிடம் கேட்டேன்:

“அங்க அனுப்புனப்ப ஒன்னையும் கூட அனுப்புனாங்களாத்தா?”

“இல்லைங்க டீச்சர். ஒம்பது நாள் கழிச்சுத்தான் புள்ளையப் பாத்தேன்.”